ஒரே நாளில் மூன்று பருவம்

மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் தும்மிக்கொண்டே கடைக்குள் நுழைந்தார்.

"பைக்ல ரொம்ப தூரம் போறவங்க போடுற ஜாக்கெட் வேணும்மா. குளிர், மழை, புழுக்கம் மூணையும் ஒண்ணே தாங்கணும்."

விற்பனைப் பெண்ணுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆறு மாதமாக யாரும் சீண்டாத ஜாக்கெட்டை அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

"குளிருக்கு உள்ள தனி லைனிங் இருக்கு சார். குளிர் அதிகமோ?"

"காலையில ஒன்பது மணிக்கே பல்லு தந்தியடிக்கும்!"

"மழை?"

"பதினோரு மணிக்குச் சொட்ட ஆரம்பிச்சா நிக்கவே நிக்காது. மத்தியானம் பார்த்தா, வெந்து போயிடுவேன்."

"அப்ப இந்த ஜிப்பைத் திறந்துவிடுங்க, காத்து ஜிலுஜிலுன்னு வரும். முதுகுக்கு மெத்தைகூட உண்டு."

"அதான் முக்கியம். தினமும் எட்டு மணி நேரம் உக்காந்தே இருக்கேனே!"

ஒரே நாளில் பனிமலை, அடைமழைக் காடு, பாலைவனம்! அவளுக்குப் புல்லரித்தது. பக்கத்து ஊரைக்கூடப் பார்க்காத அவள் இப்படி ஒரு சூரரை எங்கே கண்டாள்? ஜாக்கெட்டுக்கு பில் போட்டதும், ஒரு ஹெல்மெட்டையும் எடுத்து நீட்டினாள்.

"இது கடையோட பரிசு சார்! ஆமா, என்ன வண்டி வச்சிருக்கீங்க?"

"வண்டியா? எனக்கு சைக்கிளே ஓட்ட வராதும்மா. ஆபீஸ்ல என் சீட்டு ஏசிக்கு நேர் கீழ. காலையில உறைய வைக்கும், அப்புறம் ஒழுகும், மத்தியானம் படுத்துடும்."

அவள் திறந்த வாய் மூடாமல் ஹெல்மெட்டை மெல்லப் பின்னால் இழுத்தாள். அவர் விடவில்லை.

"இதுவும் இருக்கட்டும்மா. நேத்துலேர்ந்து அந்த ஏசி லேசா ஆடுது."