வெள்ளைச் சாயம்

பிள்ளை பெற்றால் வரும் மூப்பைத் தாயும் தகப்பனும் பங்கிட்டுக்கொள்ள ஊசி வந்திருந்தது. பேறுகாலத்துக்கு முன்பே தகப்பன் அதைப் போட்டுக்கொண்டாக வேண்டும். ஞானசேகர் "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றே நாளைக் கடத்தினான். மொத்த மூப்பும் மனைவி மெர்லினுக்கே போனது.

மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகுதான் அவனுக்குச் சங்கடம். வாசலில் நின்ற அப்பாக்கள் எல்லோருக்கும் காதோரம் நரைத்திருந்தது. இவன் தலை மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது.

"நீங்க வராதீங்கப்பா, எல்லாரும் கேக்குறாங்க" என்றாள் மகள்.

ஆண்டுவிழாவுக்குப் போகுமுன் சலூனில் காதோரம் வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டான். யாரும் எதுவும் கேட்கவில்லை.

வீடு திரும்பியதும், முப்பது வயதில் முழுக்க நரைத்துவிட்ட மெர்லின் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொருத்தமாத்தான் இருக்கு. புள்ள தூங்கிட்டா, மாடிக்குத் தூக்கிட்டுப் போங்க. எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குது."