மூன்று வெண்ணெய்ப் பொட்டு

"ஓரம் போங்க, ஓரம் போங்க!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மிங்மா தன் பயணிகள் இருவரையும் மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினான். வேக நடையில் தாண்டிப் போனவன் நுரு. அவன் கையில் ஒரு சாங் புட்டி, அதன் கழுத்தில் வெள்ளைப் பட்டுத் துண்டு, புட்டியின் வாய் விளிம்பில் மூன்று வெண்ணெய்ப் பொட்டு.

மிங்மா அந்தப் பொட்டை உற்றுப் பார்த்தான். பார்லியைப் புளிக்கவைத்த மதுவான சாங்கை யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் வெண்ணெய்ப் பொட்டு வைத்துக் கொண்டுபோனால் எதையோ கேட்கப் போகிறான் என்று அர்த்தம். அதை வாங்கிக் குடித்தவர், கேட்டதைக் கொடுத்தே ஆகவேண்டும்.

"எங்கடா கிளம்பிட்டே, இவ்வளவு ஜோரா?"

"பாங்போச்சேக்கு. உர்கென் மாமா வீட்டுக்கு."

"எதுக்கு?"

நுரு தங்கப்பல் தெரியச் சிரித்தான். "பொட்டைப் பாத்தாத் தெரியல? அவர் வீட்ல போய் யாக் மாடா கேப்பாங்க? நீயும் மதியச் சாப்பாட்டுக்கு அங்கதானே நிப்பே, மெதுவா வா. மிச்சம் இருந்தா உனக்கும் ஒரு வாய் தர்றேன்."

சொல்லிவிட்டு அவன் அடுத்த வளைவில் மறைந்தான்.

பாங்போச்சேயில் பயணிகள் விடுதி நடத்தும் உர்கெனுக்கு ஒரே மகள், டோமா. அவளைக் கட்டிக்கொள்ள மிங்மா மூன்று வருடமாக ஆசைப்படுகிறான். எத்தனையோ பேரை மலை ஏற்றி இறக்கிய வழிகாட்டிக்கு இதைக் கேட்கத்தான் துணிச்சல் வரவில்லை. வீட்டில் அம்மாவிடம் புலம்பியதோடு சரி.

நுருவும் அவனும் ஒரே ஊர், கும்ஜுங். ஆனால் நுரு நான்கு தடவை சிகரம் தொட்டவன், பேச்சுக்காரன். போன சீசனில் நுருவின் தட்டில் மட்டும் டோமா இரண்டு உருளைக்கிழங்கு கூடுதலாக வைத்தாள். தின்றவன் நுரு, இன்றுவரை ஜீரணமாகாமல் தவிப்பவன் மிங்மா.

"நடங்க, நடங்க! சீக்கிரம்!" என்று மிங்மா தன் பயணிகளான ஜெர்மன் தம்பதியை விரட்டினான்.

ஜெர்மன்காரர் கைத்தடியை ஊன்றி நின்றுவிட்டார். "நாலு நாளா மெதுவா நட, மெதுவா நடன்னு எங்க உயிரை வாங்கினது நீதானே? வேகமா ஏறினா ஆபத்துன்னு சொன்னியே?"

"அது நேத்து வரைக்கும் சார்."

"ஏன், பனி வரப்போகுதா?" என்று அவர் மனைவி பயந்துபோய் வானத்தைப் பார்த்தார்.

"அதைவிட மோசம்மா."

இருவரின் பைகளையும் பிடுங்கித் தன் முதுகில் போட்டுக்கொண்டான். ஆற்றுப் பாலத்தில் எதிரே வந்த யாக் கூட்டத்துக்கு வழிவிடாமல் புகுந்து, ஓட்டி வந்தவனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். வலமாகச் சுற்றிப் போகவேண்டிய, மந்திரம் செதுக்கிய மணிக்கல் சுவரைத் தப்பான பக்கமாகத் தாண்டினான். பத்து வருடத்தில் அவன் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

ஊர் எல்லை வந்ததும் இருவரையும் ஒரு கல்லில் உட்காரவைத்தான். "இங்கேயே இருந்து தண்ணி குடிங்க. உள்ள ஒரு உயிர் போகப் போகுது, காப்பாத்திட்டு வந்துடறேன்." பதிலுக்குக் காத்திராமல் ஓடினான்.

விடுதி அடுப்படியில் உர்கென் மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நுரு கிண்ணத்தை நிரப்பி நீட்டினான். "ஒரு வாய், மாமா."

"வேணாம்ப்பா" என்று அவர் கையசைத்தார். நுரு மறுபடி நீட்டினான். "அட, வேணாம்ப்பா" என்றார். இரண்டு தடவை மறுப்பது மரியாதை, மூன்றாவது தடவை வாங்கிவிடுவார். வாசலில் நின்ற மிங்மாவுக்கு அது தெரியும்.

அடுப்புக்குப் பின்னால் டோமா தலை குனிந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம் ஒரு வெட்கச் சிரிப்பு. அதைப் பார்த்ததும் மிங்மாவுக்குப் பொறாமையில் கண் இருட்டியது.

"குடிக்காதீங்க மாமா!"

பாய்ந்துபோய்க் கிண்ணத்தைப் பறித்து ஒரே மடக்கில் குடித்தான். அதோடு விடாமல் புட்டியையும் வாயில் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை தீர்த்தான். ருசி ரொம்பப் பழகியதாக இருந்தது. அதை யோசிக்கிற நிலையில் அவன் இல்லை.

"டேய், டேய்! சொல்றதைக் கேளுடா!" என்று நுரு அவன் சட்டையைப் பிடித்தான்.

"நீ பேசாதே! குடிச்சவன் நான். கேக்கறதை என்கிட்ட கேளு, தரமாட்டேன். இந்தச் சாங் எந்த வீட்லேர்ந்து வந்துச்சோ, அந்த வீட்டுக்கு டோமா மருமகளாப் போகக்கூடாது!"

உர்கென் அவனை மேலும் கீழும் பார்த்தார். "யோசிச்சுத்தான் சொல்றியா? அந்த வீடு என் பொண்ணுக்கு வேணாமா?"

"வேணவே வேணாம் மாமா! அங்க போய் வாழறதுக்கு ஆத்துல குதிச்சிடலாம்!"

டோமாவின் கையிலிருந்த கிழங்கு சாம்பலில் விழுந்தது. நுரு தலையில் அடித்துக்கொண்டான்.

"அடப்பாவி, உனக்குப் பொண்ணு கேக்கச் சொல்லி உங்கம்மா குடுத்தனுப்பின சாங்குடா அது!"