அதே தப்பைச் செய்தவர்

இன்னமும் என் போனை எடுத்துப் பேசுகிற ஒரே ஆள் பக்கத்து மிஷின் அண்ணன்தானே என்று நினைத்துக்கொண்டு, வக்கீல் ஆபீசில் அவள் இன்னும் எதுவும் எழுதாத வெள்ளைத் தாளைப் பார்த்தபடி இருக்கிறாள். சன்னல் வெயில் தாளின் பாதியை நிரப்பியிருக்கிறது. மின்விசிறி காற்றைவிடச் சத்தத்தைத்தான் அதிகம் தருகிறது. மருந்துக் கம்பெனியில், பெட்டியில் தேதி தப்பாக அச்சானதைக் கவனிக்கவில்லை என்று அவளை வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள். கர்ப்பமாக இருப்பதை மேலாளரிடம் சொன்ன ஒன்பதாம் நாள். "வயித்தைக் காட்டி ஜெயிக்க முடியாதும்மா," என்கிறார் வக்கீலம்மா, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. "அவங்க அந்தத் தப்பைத்தான் காட்டுவாங்க. அதே தப்பைப் பண்ணின ஆம்பளை ஒருத்தர் இன்னும் அங்க வேலை பாக்கறார்னு நாம காட்டணும். பக்கத்து மிஷின்காரர்னு நீங்கதானே சொன்னீங்க? அவர் பேரு, எந்த நாள், யார் பாத்தாங்க, எல்லாத்தையும் எழுதுங்க." வாய்தவறிச் சொன்னதுதான். அந்த அண்ணன் இரண்டு தடவை தேதியை மாற்ற மறந்தார். சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார். பெட்டிகளைப் பிரித்து மறுபடி அடுக்க இவள்தான் உதவினாள். "எழுதினா அவரையும் அனுப்பிட்டு, எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்னு சொல்லிடுவாங்களே மேடம்." "அனுப்பட்டுமே. கேஸ் போட்டப்புறம்தான் அனுப்பினாங்கன்னு சொன்னா நமக்கு இன்னும் பலம்." வக்கீலம்மா இதைக் கனிவாகத்தான் சொல்கிறார். பேனாவின் மூடியைத் தானே கழற்றி நீட்டுகிறார். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்பாக இருக்கிறது. "இது இல்லாம கேஸ் நிக்காதும்மா." "தெரியுதுங்க மேடம்," என்கிறாள். பேனாவை வாங்கக் கை நீளவில்லை. "அண்ணன் பேரை நான் எழுதலைங்க."