நிறுத்தி வைத்த திரை

சேவியர் சார் கணினியை முழுதாக அணைப்பதே இல்லை. அதற்குள் ஒரு பழைய விண்டோஸை விர்ச்சுவல் மெஷினாக, அதாவது கணினிக்குள் இன்னொரு கணினியாக, ஓடவிட்டு எழுதுவார். எழுந்து போகும்போது அதை அப்படியே நிறுத்தி வைப்பார்; மறுநாள் அதே வரியிலிருந்து தொடருவார். ஒரு நாள் நிறுத்திவிட்டு வெளியே போனவர், பேருந்து நிலையத்தில் மயங்கி விழுந்து இறந்துபோனார். பிறகு கணினியும் பழுதாகிவிட்டது. அதன் ஹார்டு டிஸ்கோடும், மகன் அனுப்பிய, ஏஆர்எம் என்ற வேறு வகைச் சிப் கொண்ட மடிக்கணினியோடும் அவர் மனைவி சுகிர்தம் டீச்சர் என் கணினி பழுதுபார்க்கும் கடைக்கு வந்தார்.

"அவரு விட்ட இடத்துலயே தொறக்கணும் தம்பி."

டிஸ்கை மாட்டி, என் பக்கம் திரும்பியிருந்த மடிக்கணினியில் அந்த விர்ச்சுவல் மெஷினைத் திறந்ததும், நிறுத்திய திரையின் சிறு படம் எனக்குத் தெரிந்தது. பாதிக் கடிதம். 'சுகி' என்ற முதல் சொல்லை மட்டும் படிக்க முடிந்தது. 'இந்த நிலையை வேறு வகைச் சிப்பில் தொடர முடியாது. அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா?' என்று மடிக்கணினி கேட்டது. நகல் எடுக்காமலே, பழக்க தோஷத்தில் 'சரி' என்று தட்டிவிட்டேன். பழைய விண்டோஸ் மெதுவாக எழுந்து வெறும் திரையைக் காட்டியது. சேமிக்காத கடிதம் போய்விட்டது.

"ஏதும் எழுதியிருந்தாரா?"

"இல்ல டீச்சர்."

"அதானே. அன்னிக்குக் காலைல அப்படி ஒரு சண்டை. போயிட்டு வாரேன்னுகூடச் சொல்லாமப் போன மனுசன், எனக்கா எழுதப் போறாரு?"

சிரித்தபடியே மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"கொஞ்சம் உக்காருங்க டீச்சர்" என்றேன்.