மூன்று கிண்ணம் சூப்

“சூப்புல பாஸ்தாவுக்குப் பதிலா பார்லியா? என் நாக்கு என்ன மாட்டுத் தொட்டியா?”

மாமாவின் குரல் கூடத்திலிருந்து கிளம்பிச் சமையலறைக்குள் நுழைந்து, அடுப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. அக்காவுக்குக் கேரட் நறுக்கிக்கொண்டிருந்த தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

அந்த நாக்கை அவனுக்கு நன்றாகத் தெரியும். அக்கா புருஷனும் அவனும் ஒரே பாஸ்தா ஆலையில் வேலை பார்த்தவர்கள். அவன் பேக்கிங். மாமா, ருசி பார்ப்பவர். ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு கைப்பிடியை வேகவைத்து அவர் முன்னால் வைப்பார்கள். கண்ணை மூடி மெல்லுவார். ‘சரியா காயல’ என்று அவர் சொல்லிவிட்டால் மொத்தச் சரக்கும் திரும்ப உலர்த்தும் அறைக்குப் போகும். பேக்கிங்கில் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஓய்வு பெறும்போது ‘சுவைச் சக்கரவர்த்தி’ என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் அதை வாய்விட்டுப் படித்து முடிக்கும்வரை காப்பி வராது.

“போன வாரம் பார்லி போட்டேண்டா,” என்று அக்கா குரலைத் தாழ்த்தினாள். “நல்லாருக்குன்னுதான் சொன்னார். ஆனா அந்த மூஞ்சியைப் பார்க்கணுமே, கசாயம் குடிச்ச மாதிரி! மனசு கேக்கல. மறுநாளே பழையபடி பாஸ்தாவைப் போட்டுட்டேன்.”

“நீ இப்படியே இரக்கப்பட்டுக்கிட்டு இரு. சர்க்கரை தானா எறங்கிடும், பாரு! அடுத்த தடவையும் இதே மாதிரி இருந்தா ஊசிதான்னு டாக்டர் சொன்னாரா, இல்லையா?”

“சொன்னார்.”

“மைதாவை விடுங்க, பார்லி, தினை, கோதுமை ரவைன்னு மாறுங்கன்னாரா?”

“அதான் எல்லாம் வாங்கி வெச்சிருக்கேனே.”

வாங்கித்தான் வைத்திருந்தாள். அலமாரியின் பின்வரிசையில், கூப்பிடாமல் வந்துவிட்ட விருந்தாளிகளைப் போல அந்தப் பொட்டலங்கள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தன.

“பிடிக்காத மனுஷனுக்கு அதை எப்படிடா முன்னால வைக்கிறது? ஆளுக்கு ஒரு சட்டி வெச்சுப் பொங்குற பழக்கமும் எனக்குக் கிடையாது.”

தம்பி கத்தியை வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனான்.

“ஏன் மாமா, எல்லாம் சூப்புல ஊறிக் கிடக்கிறதுதானே. ருசியில அப்படி என்ன பெரிய வித்தியாசம்?”

மாமா செய்தித்தாளை மடித்தார். சிம்மாசனத்திலிருந்து இறங்குகிறவரைப் போல நாற்காலியை விட்டு எழுந்தார்.

“வித்தியாசமா? கண்ணைக் கட்டிட்டு வெச்சாலும் சொல்லுவேன் மச்சான். பந்தயமா? மூணு கிண்ணம் வை. பாஸ்தா எதுன்னு நான் சரியா சொல்லிட்டா, இந்த வீட்டுல பார்லிங்கிற பேச்சே வரக் கூடாது. தோத்துட்டா, உங்கக்கா என்ன தானியத்தைப் போட்டாலும் வாயை மூடிக்கிட்டுத் தின்னுட்டுப் போறேன்.”

ஆலையில் அந்த நாக்கை ஜெயித்தவர் யாரும் இல்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே! இனி டாக்டரே நேரில் வந்தாலும் இந்தச் சமையலறையில் பார்லி வேகாது.

பார்லி வேகும்வரை அக்கா நான்கு தடவை, “வேண்டாம்டா, விட்டுடு,” என்றாள். ஒரே கேரட் சூப்பை மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்றில் தினை, ஒன்றில் பார்லி, ஒன்றில் அரிசி மாதிரி இருக்கும் குட்டிப் பாஸ்தா. மாமாவின் கண்ணைத் துண்டால் இறுக்கிக் கட்டினான் தம்பி.

முதல் கரண்டி.

“தினை. குருவிக்குப் போடுற சமாச்சாரம்.”

சரி. தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தாள்.

இரண்டாவது கிண்ணத்தை மாமா வெகுநேரம் மென்றார். முகம் மலர்ந்தது.

“ஆகா! இதான்யா பாஸ்தா! என்ன பதம், என்ன வழவழப்பு! நம்ம ஆலைச் சரக்கு கூப்பிட்டுப் பேசுது பாரு!”

அது பார்லி.

மூன்றாவதை வாயில் வைத்ததுமே முகத்தைச் சுளித்தார். “தூ! இதுதான் உங்க பார்லி. உமி தொண்டையைக் குத்துது.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி பொத்தவில்லை. அவன் சிரித்த சிரிப்பில், அத்தனை வருஷம் பேக்கிங்கில் கையைக் கட்டிக்கொண்டு நின்றதற்கெல்லாம் வட்டியும் முதலும் வந்து சேர்ந்தது. துண்டை அவிழ்த்துக் கிண்ணங்களைப் பார்த்த மாமா, திருவிழாக் கூட்டத்தில் வேட்டி அவிழ்ந்தவரைப் போல விழித்தார்.

“இந்த நாக்குக்கா நான் இத்தனை நாள் பயந்து செத்தேன்?” அக்கா பாஸ்தாப் பொட்டலங்களை எல்லாம் ஒரு பையில் திணித்துத் தம்பியிடம் கொடுத்தாள். “எடுத்துட்டுப் போடா. நாளையிலேர்ந்து பார்லிதான். யார் கண்டுபிடிக்கப் போறா!”

மாமா வாசல்வரை வழியனுப்ப வந்தார். தம்பிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“பழைய ஆளுங்களைப் பார்த்தா இதைச் சொல்லாம இருக்க முடியாது மாமா, கோவிச்சுக்காதீங்க.”

“தாராளமா சொல்லு. அப்படியே உங்கக்காகிட்டயும் ஒண்ணு சொல்லு, பார்லியை இன்னும் நல்லா ஊற வெக்கணும். ரெண்டாவது கிண்ணத்துல பருக்கை நடுவுல வேகவே இல்ல. அந்த மூணாவது இருக்கே, அது நம்ம ஆலைப் பாஸ்தாவே இல்ல. வேற எவனோ போட்ட சரக்கு.”

தம்பியின் கை கேட்டின் தாழ்ப்பாளிலேயே நின்றுவிட்டது.

“அப்போ... தெரிஞ்சுக்கிட்டேதான் மாத்திச் சொன்னீங்களா?”

“மெதுவா பேசு. நான் பிடிக்காம முழுங்குறேன்னு தெரிஞ்சா நாளைக்கே சட்டியில பாஸ்தா ஏறிடும். ருசி தெரியாத ஜென்மம்னு நினைச்சாத்தான் தைரியமா பார்லி போடுவா, எனக்குப் போட்டாத்தான் தானும் அதைச் சாப்பிடுவா. அதுக்குத்தான் அந்தக் கத்தலும் பந்தயமும்.” மாமா சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். “சர்க்கரை எனக்கா இருக்கு மச்சான், உங்கக்காவுக்குடா.”