எட்டு மணி நேரப் பெட்டி

"எட்டு மணி நேரமா?"

வெர்னன் ஹூக்ஸ்ட்ராவின் குரலுக்கு, அந்த விளையாட்டுக் கடையின் மேஜைகளில் ஆடிக்கொண்டிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பழகினவங்க ஆடினா எட்டு. புதுசா ஆடினா பத்து, பதினொண்ணுகூட ஆகும்," என்றாள் கடைக்காரி மார்லீஸ். "நடுவுல சாப்பிட எந்திரிக்கலாம். மேஜையை மட்டும் யாரும் இடிக்கக் கூடாது."

கல்லாவின் மேல் கிடந்த பெட்டி ஒரு சூட்கேஸ் அளவு இருந்தது. மேலே 'உப்பு ராஜ்யங்கள்' என்று எழுதியிருந்தது. வெர்னன் தூக்கிப் பார்த்தார். கனத்தது. அந்தக் கனமே அவருக்குப் பிடித்துவிட்டது.

இன்னும் மூன்று வாரத்தில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. அன்று வான்கோழி விருந்து முடிந்ததும் ஹூக்ஸ்ட்ரா வீடும் சம்பந்தி பூர்ஸ்மா வீடும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்காரும். ஜெயிக்கிற வீட்டில்தான் அந்த வருடக் கிறிஸ்துமஸ். மகள் லியாவும் மாப்பிள்ளையும் அங்கேதான் தங்குவார்கள். நாலு வருடமாக வெர்னன் வீட்டுக் கணப்படுப்பில், பரிசு போட்டுவைக்கும் லியாவின் கிறிஸ்துமஸ் காலுறை தொங்கவில்லை.

விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது தோற்ற வீட்டின் உரிமை. ஆனால் அதை யாரும் முன்கூட்டிப் பழகிப் பார்க்கக் கூடாது. சுற்றியிருக்கும் கண்ணாடித் தாளை எல்லார் கண் முன்னாலும் கிழித்துத்தான் பெட்டியைத் திறக்கவேண்டும். நாலு வருடமும் வெர்னன் அப்படித்தான் கிழித்தார். ஆனாலும் சம்பந்தி கெரிட், திறந்த அரை மணியில் அந்த விளையாட்டோடு கூடப் பிறந்தவர் போல ஆடுவார். கேட்டால், "பூர்ஸ்மா வீட்டு ரத்தம் அப்படி!" என்பார்.

தோற்றதைக்கூட வெர்னன் பொறுத்துக்கொண்டார். அந்த 'ரத்தம்' என்ற வார்த்தையைத்தான் பொறுக்க முடியவில்லை.

மார்லீஸ், கெரிட்டின் தங்கை மகள். ஊரில் இருப்பதோ இந்த ஒரே விளையாட்டுக் கடை.

"உள்ள என்னம்மா இருக்கு?"

காட்டுவதற்கென்று வைத்திருந்த பெட்டியை அவள் திறந்தாள். விரித்த வரைபடம் மேஜையை மூடியது. தீவுகள், துறைமுகங்கள், கட்டை விரல் அளவு மரக்கப்பல்கள். வெர்னன் ஒரு கப்பலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உப்பு ஏத்திட்டுப் போற கப்பலைக் கவிழ்த்தா?"

"உப்பு கரைஞ்சுடும். ஆனா அந்தக் கடல் உங்களுக்குச் சொந்தம்."

"அட!"

பக்கத்து மேஜையிலிருந்த தாடிக்காரர் சிரித்தார். "வாங்குங்க பெரியவரே. வாங்கின பாதிப் பேர் தாளையே கிழிக்கல. அலமாரில வெச்சு அழகு பார்க்கறாங்க."

"நான் அழகு பார்க்க எதையும் வாங்கறதில்ல, தம்பி."

மார்லீஸ் குரலைத் தாழ்த்தினாள். "சார், உள்ளதைச் சொல்றேன். இது உங்களுக்கு வேணாம். விதிப் புத்தகமே அறுபது பக்கம். தலை சுத்தும்."

வெர்னனின் முதுகு நிமிர்ந்தது. "எங்க வீட்டு பைபிள் இதைவிடத் தடிமன். அதை ரெண்டு தடவை முழுசாப் படிச்சவன் நான்."

"அதுல யாரும் உங்க துறைமுகத்தைப் பிடிக்க மாட்டாங்களே!"

தாடிக்காரர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். வெர்னனுக்கும் சிரிப்பு வந்தது. விலைச்சீட்டைப் பார்த்தார். ஒரு தடவை இருமினார். பெட்டியைத் தள்ளி வைத்தார். மறுபடியும் இழுத்துக்கொண்டார்.

"பில் போடும்மா."

"தேங்க்ஸ்கிவிங்குக்குத்தானே சார்?"

"வேற எதுக்கும்மா இவ்வளவு பெரிய பெட்டி?" என்றவர் குனிந்து, "உங்க மாமா காதுக்குப் போயிடக் கூடாது," என்றார்.

"சத்தியமாப் போகாது!"

வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது. பெட்டியை இரு கையாலும் அணைத்தபடி வெர்னன் வண்டியை அடைந்து, திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்கு அப்பால் மார்லீஸின் காதில் ஃபோன் இருந்தது. இன்னொரு கையால் காற்றில் ஒரு பெரிய பெட்டி வரைந்துகொண்டிருந்தாள்.

வண்டிக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி ஆர்லீனும் அதே ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வருஷம் இங்க உட்கார்ந்து நான் பார்த்தது பொய்யில்லைன்னு இப்பவாவது ஒத்துக்கறியா, வெர்ன்?"

"ஒத்துக்கறேன். நான் கதவைச் சாத்தக்கூட இல்ல, ஃபோனை எடுத்துட்டா."

"நீ எதுவும் பொய் சொல்லலையே?"

"ஹூக்ஸ்ட்ரா வாயில பொய் வராது. ஒரே ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான்."

"சும்மா விசாரிச்சுட்டு வருவேன்னுதானே போன? அதுக்காக நிஜமாவே வாங்கிட்டு வருவியா?"

வெர்னன் பெட்டியின் மேல் விழுந்த பனியைத் துடைத்தார். "கிறிஸ்துமஸுக்கு லியா நம்ம வீட்டுக்கு வந்துட்டான்னு வெச்சுக்கோ. இதைப் பிரிச்சா எட்டு மணி நேரம் மேஜையை விட்டு எங்கயும் போக மாட்டா."

ஆர்லீன் அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"பாவம் கெரிட்," என்றார் வெர்னன், வண்டியைக் கிளப்பியபடி. "மூணு வாரத்துல அறுபது பக்கம் மனப்பாடம் பண்ணணும்."

ஆர்லீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பக்கத்து ஊரில் காலையிலேயே வாங்கிய தேங்க்ஸ்கிவிங் விளையாட்டைக் கண்ணாடித் தாள் கிழியாமல் பைக்குள் பத்திரப்படுத்தினாள்: 'பாம்பும் ஏணியும். ஐந்து வயதுக்கு மேல்.'