கண் திறந்த படம்

“விலை குறைவா ஒரு போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர் வேணுங்க. கேமராவே போன மாசந்தான் வாங்கினேன்” என்றார் வந்தவர்.

கடைக்காரர் உற்சாகமானார். “மாசா மாசம் கட்டுறது வேணாம் சார், தலையில மிளகாய் அரைச்சிடுவாங்க. இதை ஒரு தடவை வாங்கினா போதும். வானத்தை மாத்தலாம், பருவை எடுக்கலாம்...”

“மூடியிருக்கிற கண்ணைத் திறக்க வைக்குமா?”

“ஓ! யாரு, மேடமா?”

“பொண்ணு. கைக்குழந்தை.”

“அதுங்களைப் படம் எடுக்கிறதுக்குள்ள நாக்குத் தள்ளிடுமே! ஒரு நிமிஷம் சும்மா இருக்காதுங்க.”

“இவ அசையவே இல்லீங்க. என் கைதான் நடுங்கிடுச்சு. நாலு எடுத்தேன், மூணு கலங்கிடுச்சு.”

“புதுசுல அப்படித்தான் சார்.” கடைக்காரர் சிரித்தபடி கணினியை அவர் பக்கம் திருப்பினார். “பாப்பா முழிச்சிருக்கிற படம் இன்னொண்ணு கொடுங்க. அந்தக் கண்ணை எடுத்து இதுல வெச்சிடும். அவ்வளவுதான்.”



“இன்னொரு படம் இல்லாம முடியாதா?”

“அவ கண்ணு வேணும்னா அவ படம் வேணுமே சார். வீட்டுக்குப் போய் ஒண்ணு எடுத்துட்டு வாங்களேன். அப்படி என்ன அவசரம்?”

“மனைவிக்கு இன்னைக்குக் காலையிலதான் மயக்கம் தெளிஞ்சுது. பாப்பா கண்ணு யாரு மாதிரின்னு கேக்குறா.”

“நீங்க பார்த்ததைச் சொல்ல வேண்டியதுதானே?”

“நானும் பார்க்கலீங்க. பொறந்தப்பவே மூடித்தான் இருந்துச்சு. நேத்து அப்படியேதான் புதைச்சிட்டு வந்தேன்.”